மரங்கொத்திக்கும் மணி உண்டு

கடிகாரத் தொழிற்சாலை முதலாளியின் ஒரே மகன் வளர்ந்த வீட்டில் குளியலறையில்கூட மூன்று கடிகாரங்கள். புதிதாகச் செய்த ஒவ்வொன்றும் அந்த வீட்டுச் சுவரில் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிக் காட்டினால்தான் கடைக்குப் போகும். எது பிந்துகிறது என்று காதாலேயே பிடிப்பது மகனின் வேலை. அங்கே பல்லிகூட நிமிடத்துக்கு ஒரு தரம்தான் வாலாட்டும் என்றால் நம்பத்தான் வேண்டும்.

இருபத்து மூன்று வயதில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கார்ச்சாவியையும் கைக்கடிகாரத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு, நடுக்காட்டில் பாழடைந்த ஒரு குடிசைக்குப் போய்விட்டான். மணி தெரியாத ஒரே ஒரு நாள் வாய்த்தால் போதும் என்றிருந்தது.

ஒன்பதாம் நாள் அக்கா தேடி வந்தபோது, அவன் மரத்தடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மரங்கொத்தியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்னடா பண்ணிச்சு உன்னை?"

"நேத்தைவிட ரெண்டு நிமிஷம் லேட்டா கொத்துதுக்கா."

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வேரில் உட்கார்ந்தாள். "ஃபேக்டரியையே தூக்கிட்டு வந்திருக்கியே. கிளம்பு, அப்பா வண்டி அனுப்பியிருக்காரு."

அவன் முகம் சுண்டிப்போனது. "நான் வரல. நீ கிளம்பு, மணி பதினொண்ணு பத்தாச்சு."

அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாகப் பதினொன்று பத்து. சட்டென்று முந்தானையால் அதை மூடிக்கொண்டாள்.

"ஒன்பதரைதான்டா ஆகுது" என்றாள், கூசாமல்.

"நிஜமாவா? தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டவன், அன்று காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தான்.

அக்கா தனியாகவே வண்டிக்குத் திரும்பினாள்.