நாலு சக்கரமும் ஒரு பிரசவமும்

என் தங்கை பாக்கியத்துக்குப் போன வாரம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். நானும் நலம். என்னை யாரும் விசாரிக்கவில்லை... அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளை பெற்றவள் அவள், உனக்கென்ன வந்தது என்கிறீர்களா? கேளுங்கள்.

பாக்கியம் வாக்கப்பட்டது திமிரியில். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிய காரியம். அதனால் இந்த முறை வேலூர் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலி எடுக்கும்வரை வீட்டில் இருக்கக் கூடாது. முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு மட்டும் வரவே கூடாது.

‘அதற்கென்ன, அண்ணனிடம்தான் மோட்டார் இருக்கிறதே!’ என்று குடும்பத்தில் எல்லோருக்கும் நிம்மதி. என் ஒருவனைத் தவிர.

என் மோட்டாரை ஆம்பூரில் அறியாதவர் கிடையாது. பழைய வண்டி. சக்கரங்களுக்கு மரத்தில் ஆரக்கால்கள். நம் பக்கத்து வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், கால்கள் லொடலொடவென்று ஆடும். தண்ணீர் ஊற்றினால் ஊறி இறுகும். மற்றவர்கள் மாட்டைக் குளிப்பாட்டுவார்கள். நான் சக்கரத்தைக் குளிப்பாட்டுவேன். இந்தக் கோடையில் அதற்கும் மசியவில்லை. பின் சக்கரத்தில் ஒரு கால் பிளந்தேவிட்டது. இந்த மாதிரிச் சக்கரத்தைச் சீமையிலேயே இப்போது செய்வதில்லையாம். மெட்ராஸ் ஏஜெண்டு கையை விரித்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, தோல் மண்டிக்காரர் ஒருவருடைய கார் புளியமரத்தில் மோதி நின்றது. அவருக்குக் காயமில்லை. காருக்குத்தான் முகமே இல்லை. ஆனால் நாலு சக்கரமும் முழுசாக இருந்தன. இரும்புத் தட்டுச் சக்கரங்கள்! கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

மாட்டிப் பார்த்தால் சேரவில்லை. ஹப் என்று ஒன்று இருக்கிறதே— சக்கரத்தின் நடுவில் அச்சைப் பிடித்திருக்கும் குடம்— அதில் உள்ள போல்ட்டுகள் ஓரிடத்தில், சக்கரத்தின் ஓட்டைகள் அரை விரல்கடை தள்ளி.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஷெட்காரர் இது ஒரு வேலையே இல்லை என்றார். ஓட்டைகளை அரத்தால் ராவி நீளமாக்கி, பெரிய வாஷர் போட்டு முறுக்கினால் சக்கரம் உட்கார்ந்துவிடுமாம். சாயங்காலமே வண்டி ரெடி. எனக்கும் அவசரம். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

ரஹீம் விடவில்லை. ரஹீம் என் பள்ளிக்கூடத்துத் தோஸ்த். இங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் இன்ஜின் ஃபிட்டர். நாலு வார்த்தை பேசினால் அதில் மூன்று என்னைத் திட்டுவதாக இருக்கும்.

“ஓட்டைய நீட்டிட்டா அப்பறம் சக்கரத்த இன்னாப்பா பிடிச்சிருக்கும்? வாஷரா?” என்றான்.

அவன் சொன்ன வழி வேறு. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் தடிமனான வளையம் ஒன்று. வளையத்தை ஹப்பின் பழைய போல்ட்டுகள் பிடித்துக்கொள்ளும். புதுச் சக்கரத்துக்கு ஏற்ற இடத்தில் புது போல்ட்டுகள் வளையத்திலேயே இருக்கும். வளையம் ஹப்பின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும்; சக்கரம் வளையத்தின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். பாரம் அங்கே இறங்கிவிட்டால் போல்ட்டுக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும்தான். மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும், ஒன்றிரண்டு உதவாது.

உடைந்துபோன மிஷின் ஒன்றின் வார்ப்பிரும்பு மூடிகள் அவனிடம் கிடந்தன. நல்ல தடிமன், தாங்கும் என்று நினைத்தான். லேத்தில் கொடுத்து நாலு வளையம் கடைந்தான்.

உடனே திமிரிக்குப் புறப்பட வேண்டியதுதானே? அதற்கும் அவன் விடவில்லை. சீட்டில் ஆட்களுக்குப் பதிலாக தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மூட்டைகளை ஏற்றினான். ஊருக்கு வெளியே கல்லும் குழியுமான பாதையில் என்னை ஓட்டச் சொன்னான். ஓட்டினேன். ஒரு சத்தம் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. விடிந்ததும் கிளம்பலாம் என்றேன்.

கழற்றிப் பார்க்காமல் பேசாதே என்றான். சக்கரங்களைக் கழற்றினான். வளையத்தின் மேல் மண்ணெண்ணெய் தடவினான். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புத் தூளைத் தூவினான். காத்திருந்தோம்.

மூன்று வளையங்கள் வெள்ளையாகவே இருந்தன. நாலாவதில், போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி, ஈரமாக ஒரு கோடு. தலைமயிர் கனம்தான். விரிசலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

அவன் விரலால் அதைத் தொட்டுக் காட்டினான்.

“நல்லவேளைப்பா,” என்றான் ரஹீம். “இன்னைக்கி மூட்டை. நாளைக்கின்னா உன் தங்கச்சி.”

மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் சம்மட்டியை எடுத்தான். நல்ல வளையம் மூன்றையும் சேர்த்து நாலையும் உடைத்தான். வேறு யாரும் எடுத்து வண்டியில் மாட்டிவிடக் கூடாதாம். சட்டென்று விரிசல் விடும் வார்ப்பிரும்பை நம்பியது தன் தப்பு என்று தன்னையும் கொஞ்சம் திட்டிக்கொண்டான்.

மறுநாள் ரயிலேறி அரக்கோணம் போனான். அங்கே அவன் மச்சான் பழைய இரும்பு வியாபாரம். தடித்த எஃகுத் தகடு வாங்கி வந்து, முதலிலிருந்து எல்லாம். அதற்குள் திமிரியிலிருந்து ஆள் வந்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனான். இதோ, அதோ என்று சொல்லி அனுப்பினேன்.

மறுபடி மூட்டை, அதே குழிகள், அதே மண்ணெண்ணெய். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்த்தாயிற்று. உரசவில்லை. சுண்ணாம்பும் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. அவ்வளவு அழகான வெள்ளையை நான் எந்தத் துணிக்கடையிலும் பார்த்ததில்லை!

ரஹீமும் கூட வந்தான். வேலூரில் இறங்கி நட்டுகளை முறுக்கினான். ஆற்காட்டில் இறங்கி மறுபடியும் முறுக்கினான். புது நட்டு ஓட ஓடத்தான் இடம் பிடிக்குமாம்.

திமிரியில் பாக்கியத்தைப் பின் சீட்டில் மெதுவாக உட்கார வைத்தோம். பக்கத்தில் அவள் மாமியார். புறப்பட்டுக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம்...

டக். டக். டக்.

பின்னாலிருந்து, இடப்பக்கம். வேகம் கூடினால் சத்தமும் கூடியது. ஓரமாக நிறுத்தினேன். ரஹீம் இறங்கிப் பின்னால் போனான். வரவேயில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

வந்தான். கையில் ஒரு பித்தளைச் சொம்பு. மாமியார் அதைக் கயிற்றில் கட்டிப் பெட்டி வைக்கும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அது ஆடி ஆடி மோதியிருக்கிறது.

“வேற சொம்புல குடிச்சா எனக்குத் தாகம் அடங்காதுப்பா,” என்றார் அந்த அம்மாள்.

ரஹீம் சொம்பை அவர் மடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். நான் இறங்கி மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாண்ணா, இப்டி வேர்த்துக் கொட்டுது?” என்றாள் பாக்கியம்.

வெயில் ஜாஸ்தி என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது, குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. வீட்டிலேயே வலி எடுத்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டரம்மா. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார். வராந்தாவில் நின்றுகொண்டிருந்த எனக்கு உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது... அன்று நான் தூங்கினேன் பாருங்கள், அப்படியொரு தூக்கம்!

ஒரு வண்டிச் சக்கரத்தை இன்னொரு வண்டிக்குப் போடலாமா என்று இப்போது பலபேர் என்னைக் கேட்கிறார்கள். போடலாம். ஆனால் சக்கரம் உட்கார்ந்துவிட்டது என்பது வேறு, தாங்கும் என்பது வேறு. முதலாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டாவதைத் தெரிந்துகொள்ளத்தான் பொறுமை வேண்டும்.

பாக்கியத்துக்கு இதெல்லாம் இன்றுவரை தெரியாது. திமிரியில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடுங்கள்!