செக்கண்ட் கியர் காக்கா

கல்முனையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடலும் வயலும் ஒரே மட்டம். அதனால்தான் எங்கள் லொறி முதலாளிமார் மலையில் இறக்கத்தைக் கண்டால் நியூட்ரலில் உருள விடச் சொல்வார்கள். டீசல் மிச்சமாம்!

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பண்டாரவளையில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு எல்ல என்ற ஊரின் மலை இறக்கத்தில் லொறியை ஓட்டி வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் முதலாளி. லொறியைக் கியரில் பிடித்ததும் இஞ்சின் கத்தியது.

"என்னடா இது? வால்வு ஒடியப் போகுது! நியூட்ரல்ல உடு."

"உடமாட்டன் முதலாளி. இஞ்சின்தான் இப்ப லொறியப் புடிச்சிட்டு இரிக்கி. கத்தினாக் கத்தட்டும்."

இரண்டாம் கியருக்கு மாற்றக் கிளச்சை மிதித்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கையை நீட்டி, கியரை நியூட்ரலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லொறி பிய்த்துக்கொண்டு ஓடியது. பிரேக் கருகி நாறியது. எவ்வளவு மிதித்தும் கேட்கவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டு, இஞ்சினுக்கு ரேஸ் கொடுத்து, இரண்டாம் கியரை அடித்துப் போட்டேன். இஞ்சின் அலறியது, வால்வு ஒடியவில்லை. லொறி அடங்கி இறங்கியது. முதலாளி சாகப்போகிறவரைப் போலக் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிவாரம் வந்ததும் அவருக்குப் பழைய வாய் திரும்பியது.

"இது என்ட லொறிடா!"

"ஓம், லொறி உங்கட. இறக்கத்துல கியர் என்ட," என்றேன்.

ஊருக்கு வந்து எனக்குப் பட்டம் வைத்ததும் அவர்தான். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். இன்றும் பஜாரில் யாராவது, "செக்கண்ட் கியர் காக்கா!" என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். "ஓம்!" என்று அதைவிடச் சத்தமாகச் சொல்லித் திரும்புவேன். கூப்பிட்டால் திரும்ப, ஆள் உயிரோடு இருக்கிறேனே!