நாலு தண்ணீர்ப் போத்தல்கள்

என் அலுவலக மேசைக்குப் பின்னால் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. சிறுவர் நலன் வழக்குகளில் பிள்ளைகளுக்காக ஆஜராகும் சட்டத்தரணிகளுக்கான பயிற்சியை நான் திறம்பட முடித்தேன் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. கழற்றி எறிய வேண்டும் என்று பல தடவை எழும்பியிருக்கிறேன். எறிந்தால் நான் கொஞ்சம் நல்ல மனுசியாகிவிட்டேன் என்று எனக்கே ஒரு நினைப்பு வரும். அந்தச் சுகத்தை எனக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே அது அங்கேயே தொங்கட்டும்.

இதில் யாருடைய பெயரும் வராது. எந்தத் தீவு என்றும் சொல்லமாட்டேன். ஊர்காவற்றுறையில் இருக்கும் நான் பஸ் ஏறிப் போய்வரக்கூடிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டின் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். பெயரை விட்டால் மட்டும் போதாது, அடையாளத்தையும் மாற்ற வேண்டும் என்று நான் பிந்தித்தான் படித்தேன்.

அவளுக்குப் பதினொரு வயது. தாய் வீட்டு வேலைக்கென்று மத்திய கிழக்குக்குப் போய், முதல் வருசம் ஒழுங்காகக் கோல் எடுத்து, பிறகு எடுக்காமலே விட்டுவிட்டாள். தகப்பன் வன்னிப் பக்கம் இன்னொரு குடும்பத்தோடு இருந்தான். பிள்ளையை வளர்த்தது தாயின் தமக்கை, கலியாணம் கட்டாத பெரியம்மா. பெரியம்மாவுக்குச் சலரோகம், ஒரு கால் புண் ஆறாமல் கட்டோடுதான் நடப்பா. பிள்ளை பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று முறைப்பாடு வந்து, அது வழக்காகி, நீதிமன்றம் பிள்ளைக்காகப் பேச என்னை வைத்தது. நீதவான் மூன்று மாதத் தவணை கொடுத்தார். அந்த மூன்று மாதமும் பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனால் பெரியம்மாவோடு இருக்கலாம். போகாவிட்டால் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறுவர் இல்லம்.

முதல் மாத வரவு இடாப்பைப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அதற்கு முன் பாதி நாள் நின்ற பிள்ளை எப்படித் திடீரென்று இப்படிப் போகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில்தான் பயிற்சி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம், இரண்டு சனிக்கிழமை, மத்தியானம் புரியாணி. நாற்பது சட்டத்தரணிகள் வந்திருந்தோம். பாதிப் பேர் புரியாணிக்கு வந்தவர்கள் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் நல்ல மனுசி, விஷயம் தெரிந்தவ. பிள்ளையை விட உயரமான இடத்தில் இருக்காதேங்கோ என்றா. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் கேட்காதேங்கோ, கேட்டால் பிள்ளை குற்றம் சாட்டப்பட்டதாக நினைக்கும் என்றா. பிள்ளை பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கோ, முப்பது எண்ணும்வரையாவது வாயைத் திறக்காதேங்கோ என்றா. சட்டத்தரணிகளுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை கிடையாது. பின்னேரம் எங்களை ஒரு வான் வண்டியில் ஏற்றி ஒரு சிறுவர் இல்லத்தைக் காட்டினார்கள். சுத்தமான இடம். நீளமான ஒரே மண்டபத்தில் பெண்பிள்ளைகளின் பாய்கள் சுருட்டி வரிசையாக நின்றன. முன் முற்றத்தில் கேற்றுக்கு நேரே உடுப்புக் காயப்போடும் கொடி ஒன்று. நான் குறிப்புப் புத்தகத்தில் "சுத்தம், காற்றோட்டம்" என்று எழுதினேன்.

அடுத்த செவ்வாய் அவளைப் பார்க்கப் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டறை வீடு, ஒழுங்கைக்கும் முற்றத்துக்கும் நடுவில் வேலி கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த ஒழுங்கையால்தான் போவார்கள். நான் சீலையோடு மண்ணில் இருந்தேன். "ஏன்" கேட்கவில்லை. "காலமை எழும்பினதிலிருந்து பள்ளிக்கூடம் போகுமட்டும் என்ன செய்வீர் எண்டு சொல்லும் பாப்பம்" என்றேன். அவள் பேசவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். இருபத்திரண்டு வந்தபோது எழும்பி, "வாங்கோ, காட்டுறன்" என்றாள்.

பின்வளவால் போய் இரண்டு பனங்காணி தாண்டினோம். அங்கே வெளிநாட்டுக்காரரின் மாடிவீடு ஒன்று. எங்கள் தீவுகளில் இப்படி எத்தனையோ. ஆட்கள் லண்டனிலும் கனடாவிலும், வீட்டுக்குள் வௌவால். மதில் தூண் இரண்டிலும் இரண்டு சீமெந்து மயில். ஒன்றுக்குத் தலை இல்லை. கேற் சும்மா சாத்தியிருந்தது. வெளிப்படியால் மேல் விறாந்தைக்கு ஏறினோம். அங்கே ஒரு போர்வை வெயிலில் விரிந்து கிடந்தது. கடல்காற்று தூக்கிக்கொண்டு போகாமல் நாலு மூலையிலும் நாலு கல்.

"நான் படுக்கையில போறனான்" என்றாள். "சின்னப் பிள்ளையில இருந்து இல்லை. அம்மா போன பிறகுதான்." இரவில் நனைந்த போர்வையை வீட்டில் காயப்போட்டால் ஒழுங்கையால் போகிற பிள்ளைகள் காண்பார்கள். அறைக்குள் போட்டால் காயாது, மணக்கும். அதனால் முன்பெல்லாம் பள்ளிக்கூடம் போகாமல் நின்று, எல்லாரும் போன பிறகு வெளியே போட்டு, வருமுன் எடுத்துவிடுவாளாம். மாரி முடியத்தான் இந்த விறாந்தையைக் கண்டுபிடித்தாள். இப்போது விடியக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகலாம். கல்லையெல்லாம் தானே தேடி எடுத்ததாகச் சொன்னாள். ஒன்று மற்றதை விடப் பாரமாம், அது கடல் பக்கத்து மூலைக்கு.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள்தானே?"

"மாட்டன். நான் உம்மட லோயர். நீர் சொல்லுறது என்னோடதான் இருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தப் பிள்ளைக்காகச் சந்தோசப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், படித்தது பலித்துவிட்டது என்ற சந்தோசம். ஒரே தரத்தில் பலித்துவிட்டது.

இரண்டாவது சனிக்கிழமை பயிற்றுநர் கேட்டா: "போன கிழமை படிச்சதை ஆராவது செய்து பாத்தனீங்களோ? பெயர் வேண்டாம். நீங்கள் பிள்ளையா இருந்து நடிச்சுக் காட்டுங்கோ." என் கைதான் முதலில் உயர்ந்தது. பள்ளிக்கூட நாளில் நாடகப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். இன்னொரு சட்டத்தரணி கதிரையில் இருந்து லோயராக நடித்தார். நான் நிலத்தில் பிள்ளையாக நின்றேன். அவளைப்போலவே தலையைக் குனிந்தேன். அவளைப்போலவே மூக்கை முழங்கையால் துடைத்தேன். மேசையிலிருந்த சால்வை ஒன்றை உதறி விரித்து, நாலு தண்ணீர்ப் போத்தலை எடுத்து நாலு மூலையிலும் வைத்தேன். நாலாவது போத்தலை வைத்துவிட்டு, காற்று அடிக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தேன். அதை அவள் செய்யவில்லை, நான் சேர்த்தது. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அவளுடைய குரலில், "நான் படுக்கையில போறனான்" என்றேன். சிரிப்பு நின்றது. ஒரு அக்கா கண்ணைத் துடைத்தா. எழும்பி நின்று கை தட்டினார்கள்.

பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. சீமெந்து மயில் மட்டும் சொன்னேன், காட்சி நல்லாயிருக்கும் என்று.

தேத்தண்ணி நேரம் மூத்த சட்டத்தரணி ஒருவர் பற்றிஸ் தட்டோடு கிட்ட வந்தார். நீதிமன்றத்தில் அவர் வந்தால் நாங்கள் எழும்பி இடம் கொடுப்போம். அவருடைய ஒரு சொல்லில் எனக்கு நாலு வழக்கு வரும், வராமலும் போகும்.

"நல்லாச் செய்தீர், தங்கச்சி. மயில் எண்டீர் என்ன? அதில ஒண்டுக்குத் தலை இல்லையோ?"

"ஓம் சேர்! எப்பிடித் தெரியும்?"

"தீவுப் பக்கத்து மயில் எல்லாம் அப்பிடித்தானே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. அவருடைய தமையன் லண்டனில் இருப்பதும், ஊர் வீட்டைப் பார்க்கும் பொறுப்பு இவரிடம் இருப்பதும் எனக்குத் தெரியாத விஷயமல்ல. எந்த வீடு என்பதுதான் தெரியாது. பின்னால் ஓடிப்போய், சேர், தயவுசெய்து பிள்ளையை ஒன்றும் சொல்லிப்போடாதேங்கோ, மூன்று மாதம் முடியட்டும் என்று கேட்டிருக்கலாம். பத்தடி தூரம்தான். அவர் பெரிய ஆட்களோடு கதைத்துக்கொண்டு நின்றார். குறுக்கே போனால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பற்றிஸைத் தின்றேன்.

பதினைந்து நாளில் வகுப்பாசிரியை கோல் எடுத்தா, பிள்ளை வருவதில்லை என்று. அன்றைக்கே போனேன். மாடிவீட்டுக் கேற்றில் புதுச் சங்கிலியும் ஆமைப்பூட்டும். பெரியம்மா கட்டுக் காலோடு வாசலில் இருந்தபடி நடந்ததைச் சொன்னா. ஒரு ஞாயிறு காலை காரில் ஒரு ஐயா வந்தாராம். மரியாதையான ஆளாம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முற்றத்துக்கே வந்தாராம். ஒழுங்கையில் பிள்ளைகள் நிற்க, "உங்கட லோயர்ப் பிள்ளை நல்லா நடிக்கிறா, நாங்கள் எல்லாரும் சிரிச்சனாங்கள். ஆனா அண்ணர் வீடு கட்டினது நாலு மூலைக்கும் கல்லு வைச்சு மூத்திரச் சீலை காயப்போட இல்லை" என்று சொல்லிவிட்டு, போர்வையை மடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம்.

அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எதைக் கொண்டுபோவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை அவள் போனபோது அவளுடைய கதிரையின் மேல் நாலு கல் வைத்திருந்தார்களாம். நாலு மூலைக்கும் ஒவ்வொன்று. அதன் பிறகு அவள் போகவில்லை. அன்றைக்கு என்னைப் பார்க்கவும் அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் அறை வாசலில் மண்ணில் இருந்து முப்பதைத் தாண்டி, நூறைத் தாண்டி எண்ணினேன்.

தவணை நாள் வந்தது. நீதிமன்ற விறாந்தையில் பெரியம்மாவும் அவளும் வாங்கில் இருந்தார்கள். அவளுக்குப் புதுச் சட்டை. ஒரு வழி இருந்தது. ஏன் போகவில்லை என்ற உண்மையைச் சொன்னால் நீதவான் கட்டாயம் கேட்பார். வேறு பள்ளிக்கூடம் மாற்றலாம், ஆஸ்பத்திரியில் காட்டலாம், இன்னொரு தவணை கேட்கலாம். பிள்ளை ஓம் என்று தலையாட்டினால் போதும். அவள் முன்னால் குந்தி இருந்தேன்.

"நீதவான் ஐயாவுக்குச் சொல்லட்டோ? அவற்ற அறைக்குள்ள, தனியா. வேற ஒருத்தருக்கும் தெரியவராது."

"நீங்களும் அப்பிடித்தானே சொன்னனீங்கள்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் பார்த்தபடி கேட்டாள்:

"அக்கா, அண்டைக்கு என்னை மாதிரி எப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கும் ஒருக்காச் செய்து காட்டுங்கோ. நான் அப்பிடியோ இருக்கிறனான் எண்டு பாக்கவேணும்."

நாற்பது பேர் முன்னால் வெட்கமில்லாமல் நடித்த எனக்கு அங்கே தலையைக் குனியக்கூட வரவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு கேவலப்பட்டு நான் நின்றதில்லை. "சொல்லட்டோ?" என்று திரும்பவும் கேட்டேன். அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். பிள்ளை வராத நாட்களை நன்னடத்தை உத்தியோகத்தர் வாசித்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, காரணம் ஏதும் உண்டா என்று கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார், நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார் என்றுகூட நினைக்கிறேன். பிள்ளை வேண்டாம் என்றால் சொல்லக்கூடாது என்பது பயிற்சியில் படித்த பாடம். அந்தப் பாடத்தை அந்த நிமிசம் நான் அச்சுப் பிசகாமல் கடைப்பிடித்தேன். கை தட்டலுக்காக நாற்பது பேருக்குச் சொன்னதை, கேட்க வேண்டிய ஒரே ஆளுக்குச் சொல்லாமல் விட்டேன்.

"விசேடமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஐயா."

கட்டளை எழுத ஐந்து நிமிசம் எடுத்தது.

நீதிமன்ற வாசலில் இல்லத்து வான் நின்றது. அவள் பையோடு ஏறிக் கடைசிச் சீற்றில் போய் இருந்தாள். பெரியம்மா நொண்டி நொண்டி வானைச் சுற்றி வந்து கண்ணாடிக்குள்ளால் ஏதோ சொன்னா, பிள்ளை திரும்பவில்லை. வான் போன பிறகு என்னிடம் வந்தா. திட்டுவா என்று நினைத்தேன். நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று அவவுக்குச் சரியாக விளங்கியிருக்கவில்லையோ, அல்லது விளங்கியும் இந்த ஒன்றுதான் பெரிதாகப் பட்டதோ தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா:

"அங்க போர்வை காயப்போட மறைவா ஒரு இடம் இருக்குமோ, பிள்ளை?"

எனக்கு அந்த இல்லம் தெரியும். ஒரே மண்டபம், வரிசையாகப் பாய்கள். முன் முற்றத்தில் கேற்றுக்கு நேரே ஒரு கொடி.

"ஓம் அக்கா, இருக்கும்" என்றேன்.