தகரத்தை இறக்க விடாத வீடுகள்

பந்தல் போடணும்னா பந்தல்காரனைத் தேடி ஆள் வரும். அதே பந்தலைப் பிரிக்கணும்னா அவன்தான் வீடு வீடாப் போய்க் கெஞ்சணும். சமையல், சாமியானா, சீரியல் செட்டுன்னு விசேஷ வீட்டு வாசல்ல நின்னு பிழைக்கிறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். நாமெல்லாம் ஒரே கட்சி. மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

அந்தக் கார்த்திகையில நல்ல முகூர்த்தம் ஒண்ணு வந்தது. ராஜபாளையத்துல என் கடையில கிடந்த சரக்கு மொத்தமும் வெளியே போயிருச்சு. உள்ளூர்ல ஒரு கல்யாணம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு சதாபிஷேகம், வத்திராயிருப்புல ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு, போற வழியில ஒரு கிறிஸ்தவ சபையில அறுப்பின் பண்டிகை. நாலும் தகரப் பந்தல். நாலும் எழும்பி நின்ன அன்னைக்குத்தான் டிவிக்காரன் கடல்ல ஒரு சுழியைக் காட்டினான். பெரிய புயலாம், தெக்கத்திக் கரையைப் பாத்து வருதாம்.

மலையடிவாரத்துல இருக்கிறவனுக்குக் கடல் புயல் என்ன செய்யும்னு கேப்பீங்க. புயல் கரையோட நின்னுக்கிடாது. சவுக்குக் கம்புல கட்டுக்கம்பி போட்டு முடுக்கின தகரம் வெயிலுக்கும் தூறலுக்கும் தாங்கும், காத்துக்குத் தாங்காது. எங்கிட்ட வேலை பாக்கிற முத்தையாண்ணன் தோள்ல ஒரு தடவை தகரம் பிச்சுக்கிட்டு வந்து இறங்குச்சு. இன்னைக்கும் அவருக்கு வலது கை தலைக்கு மேல போகாது. அது சாதாரண ஆடிக்காத்து. புயல்ல ஒரு தகரம் பறந்துபோய் ஒரு பிள்ளை மேல விழுந்தா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடக்க? காத்து வாரதுக்குள்ள நாலு இடத்துத் தகரத்தையும் தரைக்குக் கொண்டு வந்திரணும். எனக்கு வேற நினைப்பே இல்லை. முத்தையாண்ணன்கிட்ட சொன்னதுக்கு அவர் டீயை ஊதிக்கிட்டே சொன்னார்: “எறக்குறது ஒரு வேலையா தம்பி? எறக்கப் போறோம்னு அவுக மொகத்தைப் பாத்துச் சொல்ல ஒரு ஆளைப் பிடிங்க.”

பச்சையும் சிவப்பும்

ஆள் கிடைக்கலை, நானே போனேன். முதல்ல ஸ்ரீவில்லிபுத்தூர். சதாபிஷேகம் நடக்கப்போற பெரியவர் கோயில் பக்கத்துத் தெருவுல இருக்கார், கோர்ட்டுல வேலை பாத்து ஓய்வானவர். அவரோட மாப்பிள்ளை அமெரிக்காவுல இருந்து மணிக்கொரு தரம் புயல் படமா அனுப்பிக்கிட்டு இருந்தார். பெரியவரும் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு அதைப் பாத்துக்கிட்டு இருந்தார். காத்து எத்தனை வேகம், கண் எங்க இருக்கு, வால் எங்க இருக்குன்னு எனக்குப் பாடம் நடந்தது. வீட்டம்மா பால்கோவா கொண்டுவந்து வச்சாங்க.

நானும் தின்னுக்கிட்டே தகரத்தைப் பத்திச் சொன்னேன். வந்தவங்க மண்டை என்னாகும்னு கேட்டேன். அவர் போனை எம் மூக்குக்கு நேரா நீட்டினார். கடல் பக்கமெல்லாம் செக்கச்செவேல்னு இருந்தது, நம்ம பக்கம் பச்சையா இருந்தது. “நம்மூர் பச்சையாத்தானே இருக்கு? செவப்பா மாறட்டும், நானே கூப்பிடறேன். நீர் போயிட்டு வாரும்.”

சரோஜாக்கா வீடு

அங்கயிருந்து திரும்பி நேரா உள்ளூர் கல்யாண வீட்டுக்கு வந்தேன். பொண்ணோட அம்மா சரோஜாக்கா மில்லுக்குப் போய் ஒத்தையில பிள்ளையை வளர்த்தவங்க. வீட்டுக்காரர் போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. கல்யாணம் மண்டபத்துலதான். ஆனா வீட்டு வாசல்ல முகூர்த்தக்கால் நட்டுப் பந்தல் போடாம எந்த வீட்டுல கல்யாணம் நடக்கு? அதனால தெருவை அடைச்சுப் பெரிய பந்தல். தெருப்பிள்ளைக பூராவும் அதுக்கடியிலதான் விளையாடுது.

நட்ட காலைப் பிடுங்க மாட்டேன், அது அப்படியே இருக்கட்டும், மேல உள்ள தகரத்தை மட்டும் கழத்திக்கிடுறேன், காத்து போனதும் திரும்ப ஏத்தித் தாரேன்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். அக்கா வாசப்படியில உக்காந்து வெத்தலையை அடுக்கிக்கிட்டே கேட்டாங்க. கோவப்படலை. கடைசியில தலையைத் தூக்கி எங்கிட்ட மெதுவாச் சொன்னாங்க: “சம்பந்தி கடக்கரையில பேர் சொல்ற குடும்பம். அவுக வந்து எறங்குறப்போ வாசல்ல நாலு கம்பு மொட்டையா நின்னா, அப்பன் இல்லாத வீடு இப்பிடித்தான்னு எம் பிள்ளை காதுபடச் சொல்லுவாக. தகரம் கெடக்கட்டும் அண்ணாச்சி.”

மண்டைக்கு பதில் சொல்லலாம், மானத்துக்கு என்ன பதில் சொல்ல?

கமிட்டி

சபையில சுலபமா முடிஞ்சிரும்னு நினைச்சேன். படிச்ச ஆளுக, தலைவர், செயலர், பொருளாளர்னு முறையா இருக்காங்க. அதுதான் வினை. தலைவர் இறக்கச் சொன்னார். அவர் சொன்னதுக்காகவே பொருளாளர் இறக்கக் கூடாதுன்னார். பண்டிகைக்கு வர்ற பூசணி, வாழைத்தார், சேவல் எல்லாத்தையும் எந்த நிழல்ல வச்சு ஏலம் விடன்னு கேட்டார். சபைப் போதகர் ஐயர் ரெண்டு பேரையும் சமாதானம் பண்ண ஜெபம் பண்ணினார். ஜெபம் முடிஞ்சதும் விட்ட இடத்துல இருந்து பிடிச்சாங்க.

நான் எழுந்து வெளியே வந்துட்டேன். பின்னாலேயே செயலர் வந்தார். சுத்தியும் பாத்துட்டு என்னைக் கொட்டகை ஓரமா இழுத்துக்கிட்டுப் போனார். “இப்பவே எறக்கிருங்க, நான் பாத்துக்கிடுதேன். யார் சொன்னான்னு கேட்டா மட்டும் எம் பேரைச் சொல்லிராதீங்க.”

அப்படி யாருமே சொல்லாம அந்தப் பந்தல் இறங்குச்சு. ஒண்ணு முடிஞ்சது.

லீவு விட்டாச்சு

நம்ம ஜனங்களுக்குப் புயல் டிவியில வராது, ரேடியோவுல வராது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாத்தான் வரும். மறுநாள் காலையில கலெக்டர் லீவு அறிவிச்சாரோ இல்லையோ, எம் போன் அலற ஆரம்பிச்சிருச்சு. ரொட்டிக் கடையில கூட்டம், மெழுகுவத்தி கிடைக்கலை, பெட்ரோல் பங்குல வரிசை. பாதி மெழுகுவத்தியை நான்தான் பதுக்கிட்டேங்கிற மாதிரி எங்கிட்டயே போன் பண்ணிக் கேட்டாங்க.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியவர் விடாம நாலஞ்சு தடவை கூப்பிட்டார். படம் சிவந்துருச்சாம். லாரியை எடுத்துக்கிட்டு ஓடினோம். வீட்டுல எல்லாரும் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருக்க, அவர் மட்டும் குடையோட வாசல்ல நின்னு எங்களை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். கடைசித் தகரம் லாரியில ஏறினதும் பெருமூச்சு விட்டுட்டு எங்கிட்ட கேட்டார்: “நேத்தே வந்தீரே, அப்பவே பிரிச்சிருக்க வேண்டாமோ? இப்படியா கடைசி நேரத்துல வருவா?”

தேங்காய்ப் பந்தல்

வத்திராயிருப்புல பால்காய்ப்பு வீட்டுக்காரர் தென்னந்தோப்புக்காரர். மரத்துல பாரம் இருந்தா காத்துல முறியும்னு ஆள் விட்டு அவசர அவசரமாக் காயை வெட்டி இறக்கியிருந்தார். நல்ல காரியம்தான். இறக்கின காயைக் கொண்டுவந்து எங்க போட்டிருக்கார்? எம் பந்தலுக்குள்ள. மேடை, நாற்காலி, வரவேற்புப் பலகை எல்லாம் முங்கிக் கிடக்கு. ஏணி போட ஒரு சாண் இடமில்லை.

காயை அள்ளுங்க, இல்லேன்னா நாங்க மேல ஏற முடியாதுன்னு சொன்னேன். பந்தலுக்கு வந்த ஆளுக நீங்கதான, நீங்களே அள்ளுங்கன்னார். வானம் கறுத்துக்கிட்டு வருது, இந்த மனுஷன்கிட்ட வாதாட நேரம் இல்லை. பந்தல் கட்டுற ஆளுக அத்தனை பேரும் தேங்காய் சுமந்தோம். முத்தையாண்ணன் ஒத்தைக் கையால சுமந்தார். பொறவு தகரத்தை இறக்கி முடிச்சு, மூச்சு வாங்க உக்காந்தோம். அவர் எல்லாருக்கும் இளநி வெட்டிக் கொடுத்துட்டு ரொம்ப உரிமையாச் சொன்னார்: “வந்ததுதான் வந்தீக, செத்த நேரம் இருந்து மட்டையையும் உரிச்சுப் போட்டுட்டுப் போயிருங்க.”

சம்பந்தி வந்தாச்சு

மூணு இடம் முடிஞ்சது. மிச்சம் சரோஜாக்கா வீடு. சாயங்காலம் போறப்போ காத்து கிளம்பிருச்சு, தகரம் டபடபன்னு அடிக்குது. அக்கா அப்பவும் மாட்டேன்னுதான் சொன்னாங்க. கண்ணு கலங்கி நிக்கிறவங்ககிட்ட எம்புட்டுத்தான் சத்தம் போட முடியும்? பிள்ளைகளையாவது உள்ள கூப்பிடுங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே தெருமுனையில ஒரு வேன் திரும்புச்சு. பின்னாலேயே ஒரு குட்டியானை லோடு வண்டி. அதுல பாய், தலையணை, போர்வை சுத்தின டிவி, ஒரு கூடை கோழி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கு.

விஷயம் இதுதான். அவங்க ஊர்ல கடலோரத்துல ஒரு ஆளும் இருக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துல போய்த் தங்குங்கன்னு மைக்கு வச்சுச் சொல்லிட்டாங்க. அவங்களும் ரெண்டு மூணு நாளா ரேடியோவும் போனுமா இருந்து, போட்டை மேட்டுக்கு இழுத்துக் கட்டி, வலையைச் சுருட்டி வச்சாச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்கு பதிலா சம்பந்தி வீட்டுக்கே போயிருவோம்னு மாப்பிள்ளையோட அம்மா முடிவு பண்ணிட்டாங்க. சரோஜாக்கா ஆரத்தித் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா வேன்ல இருந்து இறங்கி நாலு எட்டு வச்சாங்க, பந்தல் நுனிக்கு வந்ததும் அப்படியே நின்னுட்டாங்க. தலையில மழை ஊத்துது, உள்ள வரலை. காத்துல அடிக்கிற தகரத்தையே அண்ணாந்து பாக்காங்க. சரோஜாக்காவுக்கு உசிரே போயிருச்சு. பந்தல்ல ஏதும் குறையோன்னு அவங்களும் அண்ணாந்து பாத்தாங்க.

அந்தம்மா பின்னால திரும்பிக் கையைக் காட்ட, வேன்ல இருந்த ஆம்பளைக அத்தனை பேரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினாங்க. மாப்பிள்ளைதான் முதல்ல மேல ஏறினார். ஏணியைப் பிடிச்சது யாருன்னு நினைக்கீங்க? கல்யாணப் பொண்ணு. இருட்டுறதுக்குள்ள தகரம் பூராவும் லாரிக்கு வந்துருச்சு. கடைசியில ஒரு ஆள் முகூர்த்தக்கால்ல கையை வச்சான். அப்பத்தான் அந்தம்மா வாயைத் திறந்தாங்க: “அதைத் தொடாதல. அது எம் மருமவ காலு, நிக்கட்டும். மதினி, இப்பம் ஆரத்தி எடுங்க, உள்ள வாரோம்.”

முகூர்த்தத்தன்னைக்கு

புயல் கரை ஏறி, நம்ம பக்கம் வரும்போது பாதி தெம்பு போயிருந்தது. கொஞ்சம் மரம் சாஞ்சது, கரண்டு போச்சு. சரோஜாக்கா தெருவுல ஒரு வேப்பங்கிளை முறிஞ்சு விழுந்தது, யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதுக்கா எங்களை அந்தப் பாடு படுத்தினீங்கன்னு போற இடமெல்லாம் கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டேன். கடக்கரையில அப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை.

கல்யாணம் மண்டபத்துல ஜெனரேட்டர் வெளிச்சத்துல நல்லபடியா நடந்தது. தாலி கட்டி முடிச்சு, நான் வாடகைக்கு விட்டிருந்த பாத்திரம் எடுக்கப் பின்பக்கம் போனேன். அங்க மாப்பிள்ளையோட அம்மா போனைக் காதுல வச்சுக்கிட்டு நின்னாங்க. ஊருக்குத் திரும்பிப் போன பக்கத்து வீட்டுக்காரர் பேசுறார்னு தெரிஞ்சது. பட்டுச் சேலை முந்தானையால முகத்தை அழுத்தித் துடைச்சாங்க. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். வீட்டுக் கூரைத் தகரம் ஒண்ணு மிச்சமில்லையாம், செவுருதான் நிக்குதாம். மண்டபத்துக்குள்ள அவங்க ஆளுக எல்லாரும் பந்தியில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மா அவங்களை ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு எங்கிட்ட சொன்னாங்க: “ஒங்க தகரத்தை எறக்க நாங்க இருந்தோம் அண்ணாச்சி. எங்க தகரத்தை எறக்க அங்க ஒரு ஆளு இல்ல, எல்லாரும் இங்கதான சாப்புட்டுக்கிட்டு இருக்காவ.”

நாலு பந்தலை இறக்கி நாலு இடத்துலயும் பேச்சு வாங்கினேன், ஆனா அந்த முகூர்த்தத்துல எடுத்த எந்த வீட்டுப் போட்டோவிலயும் கட்டுப் போட்ட மண்டை ஒண்ணுகூட இல்லை.