சூடு தெரியாத கால்கள்

சேந்தமங்கலம் அருகே ஓர் இயற்கை வைத்திய நிலையத்தில், பெண்களுக்கான வெந்நீர்க் குளியல் அறைகளை நான் கவனித்து வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ராசிபுரத்திலிருந்து பாவாயம்மாள் என்ற நெசவுக்காரப் பெண்மணி, கால் மரத்துப்போகிறது என்று வந்தார். வெந்நீரில் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத் தொட்டியை நிரப்பினேன்.

"சூடே தெரியலீங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஊற்றினேன். பிறகு கால்களைத் துடைத்தபோது துண்டோடு தோல் உரிந்து வந்தது. நான் அலறிவிட்டேன். அவரோ, "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வலிக்கவே இல்லை.

சர்க்கரை நோய் முற்றியிருந்தது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. புண் ஆறாமல் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவரால் தறி மிதிக்க முடியவில்லை. பார்க்கப் போனபோது, "நாந்தானுங்களே ஊத்தச் சொன்னேன். நீங்க அழுவாதீங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இப்போது யார் வந்தாலும் சர்க்கரை உண்டா என்று முதலில் கேட்கிறேன். கண்களை மூடச் சொல்லி, கால் விரல்களைப் பஞ்சால் தொட்டுப் பார்க்கிறேன். தொடுவது தெரியாதவர்களைத் தொட்டியில் இறக்குவதில்லை. சூடு போதுமா என்று யாரையும் கேட்பதுமில்லை. தண்ணீருக்குள் என் முழங்கையை விட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.