ஒரே பெட்டியில் எடுத்த கத்திகள்

குவைத்திலிருந்து முதல் தடவை திரும்பி வந்தபோது என் பெட்டியில் இரண்டு பிளையர்கத்திகள் இருந்தன. பிளையர்கத்தி என்பது எங்கள் வீட்டில் வைத்த பெயர். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு பிடிகளையும் விரித்தால் நடுவில் பிளையர் வரும். பிடிகளின் ஓரத்திலிருந்து கத்தி, சின்ன ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், டின் வெட்டி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வெளிநாட்டிலிருந்து வருகிற பெண்கள் வீட்டு ஆண்களுக்குச் சட்டைத்துணியும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் சாமான் பிடித்து வேலை செய்கிறவர்கள். கணவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். என் தம்பி பொல்பிட்டியப் பக்கம் வயரிங் கொந்தராத்து எடுக்கும் ஒருவரிடம் வேலை பழகியவன். கொட்டகலையைச் சுற்றி லயங்களுக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வரத் தொடங்கியதும் சொந்தமாக வேலை எடுத்துச் செய்தான். அதனால் சட்டைத்துணியை விட்டுவிட்டு இதை வாங்கினேன். கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. மேலே கிடந்த இரண்டை எடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரி மினுங்கின.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மேசையில் வைத்தபோது, "மொதல்ல நீ எடு மச்சான்" என்றார் கணவர். தம்பி இடது பக்கம் கிடந்ததை எடுத்தான். மிஞ்சியது கணவருக்கு. இடது பக்கம், வலது பக்கம் என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறு வித்தியாசம் எதுவும் யாருக்கும் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து கினிகத்தேனையில் ஒரு சிங்களக் குடும்பம் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டில் தம்பி வயரிங் வேலை செய்துகொண்டிருந்தான். சுவிட்சுப் பலகையை மரச்சட்டத்தில் அடிக்க வேண்டும். திருகாணிக்கு முதலில் ஒரு சின்னத் துளை போட்டால் மரம் பிளக்காது. கத்தியை விரித்து முனையை மரத்தில் ஊன்றி, திருகித் திருகி அழுத்தியிருக்கிறான். விரித்த கத்தியை மடங்காமல் பிடிக்கிற பூட்டு விட்டுவிட்டது. கத்தி அவன் விரல்களின் மேலேயே மடங்கி மூடிக்கொண்டது. ஆட்காட்டி விரலில் உள்நரம்பு வரைக்கும் வெட்டு.

அந்த வீட்டு அம்மா தன் தோளில் கிடந்த துவாயால் அவன் கையை இறுக்கிக் கட்டி, "பய வென்ன எப்பா மல்லி" என்று சொல்லிக்கொண்டே த்ரீவீலரில் கூட ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறார். பயப்படாதே தம்பி, பயப்படாதே தம்பி என்று அவர் சொன்ன மாதிரியே தம்பி பிறகு எங்களுக்குச் சொல்லிக் காட்டினான்.

விரலைத் தைத்தார்கள். விரல் தப்பியது, ஆனால் முழுதாக மடங்காது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் சூப் வைத்து ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி போத்தலைக் கையில் வாங்காமல், "அங்கன வைங்க" என்றாள். வைத்தேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒங்க புருசனுக்கு நல்லதாப் பாத்து எடுத்திருக்கீங்க மதினி. எம் புருசனுக்கு மட்டும் கழிச்சுப் போட்டதா?"

முதலில் எடுத்தது உன் புருஷன்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கட்டிலில் கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தவனைப் பார்த்ததும் சொல்லவில்லை. சொன்னால் அவன் எடுத்தது அவன் குற்றம் என்பது போல ஆகிவிடும். அந்த வீட்டில் நான் தேத்தண்ணி குடிக்காமல் வந்த முதல் நாள் அது. ரோட்டுக்கு வரும்வரை அழவில்லை.

தையல் பிரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியே கேட்டான். "மச்சான், ஒங்களதையும் கொண்டாங்க. ரெண்டையும் வச்சிப் பாப்போம். எனக்கு என்னா நடந்துச்சுன்னு தெரியணும்."

அவன் வீட்டு வாசல் படிக்கட்டில் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அவன் மனைவி நிலைக்காலில் சாய்ந்து நின்றாள், வெளியே வரவில்லை.

கணவர் தன்னுடையதை விரித்தார். 'டக்' என்று ஒரு சத்தம். பிடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தகடு, கத்தி விரிந்ததும் துள்ளிவந்து கத்தியின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கிறது. அந்த முட்டுத்தான் பூட்டு. தகட்டின் முனை முழுவதும் கத்தியின் அடியோடு படிந்து நின்றது. கத்தியைப் பக்கவாட்டில் ஆட்டினார், ஆடவில்லை. முதுகைத் தட்டினார், அசையவில்லை.

தம்பியுடையதை விரித்தார். சத்தம் மழுங்கலாக வந்தது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். தகடு வந்து நிற்கிறது, ஆனால் ஒரு மூலை மட்டும்தான் தொடுகிறது. மீதியில் வெளிச்சம் தெரிந்தது. கத்தியின் அடியைச் சாய்வாகத் தேய்த்திருந்தார்கள், அந்தத் தேய்ப்பும் சொரசொரப்பாக இருந்தது. கத்தியைப் பிடியோடு சேர்க்கும் ஆணியும் தளர்வு; கத்தி இடமும் வலமும் ஆடியது. முனையை ஒரு கட்டையில் ஊன்றி முதுகில் பெருவிரலால் கொஞ்சம் அழுத்தினார். தகடு அந்தச் சாய்வில் வழுக்கி ஒதுங்கிக்கொண்டது. கத்தி மடங்கியது.

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நானும் வாங்கி ஒரு தடவை செய்துபார்த்தேன். அவ்வளவு லேசாக மடங்கும் என்று நான் நினைக்கவில்லை.

"ஒரே பொட்டின்னு சொல்றாங்க. ஒரே பொட்டில எப்பிடி ரெண்டு வெதமா வரும்?" என்று நிலைக்காலிலிருந்து குரல் வந்தது.

கணவர் அவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ஒரே கொழுந்துதான் வருது, ஒரே மெசின்லதான் அரைக்கிறோம். பாக்குற ஆளு அசந்தா ஒரு நாளைக்குத் தூள் கருகிப் போகுதில்ல? ஆனா எங்க ஃபேக்டரில கடசியா ஒருத்தர் ஊத்திக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் பொட்டிக்குப் போகும். இத யாரும் விரிச்சுப் பாக்கல. மேல பூச்சுப் பூசி அனுப்பிட்டாங்க."

அவள் உள்ளே போய்விட்டாள்.

கணவர் ஒரு வாரம் அந்தக் கத்தியோடு மல்லுக்கட்டினார். தகட்டை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் வளைத்தார். அடியை அரத்தால் ராவி நேராக்கினார். இரண்டு நாள் நன்றாகப் பூட்டியது. மூன்றாம் நாள் கட்டையில் ஊன்றியபோது மறுபடியும் வழுக்கியது. இரும்பே மெத்தென்று இருக்கிறது, தகட்டின் முனை நசுங்குகிறது என்றார். பிறகு சொன்னதுதான் எனக்கு மனதில் நின்றது.

"பூட்டு இருக்குன்னு நம்பித்தான் அவன் அழுத்துனான். பூட்டே இல்லாத கத்தின்னா பயந்து புடிச்சிருப்பான். கை தப்பியிருக்கும்."

ஆணியைத் தட்டிக் கழற்றி, கத்தியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தம்பியிடம் கொடுத்தார். பிளையர் நல்ல பிளையர். வயர் வெட்ட, உரிக்க அவன் பல வருஷம் அதைத்தான் வைத்திருந்தான். மடங்காத விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு நடுவிரலால் பிடிக்கப் பழகினான். மார்கழிக் குளிரில் மட்டும் அந்த விரல் விறைத்து நீலம் பாய்ந்துவிடும்.

அவன் மனைவி என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கோயிலில் பார்த்தால் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

நான் மறுபடி குவைத் போனேன். இரண்டாயிரம் பிறந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அதே கடைக்குப் போனேன். கடையில் நின்றவர் ஒரு மலையாளி. பெட்டியை இறக்கச் சொன்னேன். அதே பெட்டி, அதே படம். ஒவ்வொன்றாக எடுத்து விரித்தேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தம் கேட்டேன், வெளிச்சத்தில் தகட்டைப் பார்த்தேன், பக்கவாட்டில் ஆட்டினேன். அப்புறம் கத்தி மடங்கும் பக்கத்திலிருந்து விரல்களை விலக்கிக்கொண்டு முனையை மேசைப் பலகையில் ஊன்றி அழுத்தினேன்.

"சேச்சி, கத்தி வாங்க வந்ததா, பெண்ணு பாக்க வந்ததா?" என்று சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதன்னே. ஒரே கம்பெனி."

அந்த நேரம் பார்த்து என் கையில் இருந்தது மடங்கியது. அதை அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுத்து விரித்து அழுத்திப் பார்த்தார். மடங்கியது. இன்னொரு தடவை பார்த்தார். அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. அவரும் பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேருமாக ஒரு குவியலை நல்லது, கெட்டது என்று பிரித்தோம். கெட்ட பக்கம் சின்னதாக இல்லை.

நல்லதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். "இதெல்லாம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"முதலாளியோட கடையாணு சேச்சி. நான் சம்பளக்காரன்."

அவர் கெட்டவற்றைத் திரும்பப் பெட்டிக்குள் போடவில்லை. மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். நான் போன பிறகு என்ன செய்தாரோ தெரியாது. என்னைப் போல ஒருத்தி திறந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த நினைப்பு விமானத்திலும் கூடவே வந்தது.

ஊருக்கு வந்து தம்பி வீட்டுக்குப் போனேன். கத்தியை அவனிடம் கொடுக்கவில்லை. அவன் மனைவியிடம் நீட்டினேன்.

"நீயே விரிச்சு அழுத்திப் பாரு. நிக்கலன்னா அப்பிடியே தோட்டத்துல எறிஞ்சிரு."

"எனக்கு என்னாத்துக்கு மதினி?" என்றாள். ஆனால் வாங்கினாள். அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த விறகுக்கட்டையில் முனையை ஊன்றினாள். முதலில் லேசாக, பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு பலமாக. கத்தி நின்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். நின்றது. கட்டையில் பதிந்த முனையைப் பிடுங்கத்தான் கஷ்டப்பட்டாள்.

தம்பி தூரத்திலிருந்தே, "எனக்கு வேணாங்கா. மடக்குற கத்தின்னாலே கை கூசுது" என்றான். மரப்பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்றை உறையோடு இடுப்பில் வைத்திருந்தான். அதை எடுத்துக் காட்டினான்.

"அவுங்களுக்கு வேணாம்னா நான் வச்சிக்கிறேன்" என்றாள் அவள்.

லயத்துக்குப் பின்னால் அவர்கள் லீக்ஸும் கரட்டும் போட்டிருந்தார்கள். லீக்ஸின் வேரை நறுக்க, சாக்குக்கு நூல் வெட்ட, தண்ணிக்குழாய் கவ்வியை முறுக்க என்று எல்லாவற்றுக்கும் அதையே எடுத்தாள். முந்தானை முடிச்சில் கட்டிக்கொண்டு திரிந்தாள். பழைய பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கத்தியைக் கொடுத்த அன்றைக்கு நான் கிளம்ப எழுந்தபோது, "ரொட்டி சுடப்போறேன். இருந்து சாப்புட்டுப் போங்க மதினி" என்றாள். உட்கார்ந்தேன். தொட்டுக்கொள்ள இடித்த கட்டச்சம்பலில் கொச்சிக்காய்க் காரம் கூடிப்போய்விட்டது. மூன்று பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.