கேழ்வரகு முளைத்த தண்டவாளம்

சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லி, போன வாரம் எங்கள் வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து ஒரு பழைய வேட்டித் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் முடிச்சை அவிழ்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவிழ்த்ததும் ஈரமும் லேசான புளிப்பும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். கெட்டுப்போச்சா என்று மனைவி கேட்டாள். கெட்டது இது இல்லை, பதினைந்து வருஷத்துக்கு முந்திய வேறொரு கேழ்வரகு என்று அவளிடம் எப்படிச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் கொல்லிமலைமேல் செம்மேட்டில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ராசிபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு மலையேறியவன். எழுதுவது என்னவோ 'மிளகு, காப்பி வாங்கப்படும்' என்பதுதான். ஆனால் மனசுக்குள் நான் பெரிய ஆர்ட்டிஸ்ட். பழக்கடைக்கு ஒரு பலாப்பழம் போடச் சொன்னால் காம்பில் வடிகிற பாலையும் போட்டுவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்குவேன். கடைக்காரர் கீழே நின்று முணுமுணுப்பார். இந்தக் குணத்தை நான் ரொம்ப நாள் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சித்திரை மாதம், தேவனூர் நாட்டிலிருந்து வெள்ளையண்ணன் என்னைத் தேடி வந்தார்; மலையில் பல ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு. மிளகும் மரவள்ளியும் வைத்திருந்த விவசாயி, ஐம்பதைத் தொடும் வயது. கக்கத்தில் சேலத்தில் வாங்கிய ஓர் அட்டைப்பெட்டி. திறந்தால் உள்ளே பேட்டரியில் ஓடும் ரயில். ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, துண்டு துண்டாக மாட்டினால் முட்டை வடிவத்தில் வரும் தண்டவாளம். கொல்லிமலையில் ரயிலுக்கு என்ன வேலை? பிள்ளை குட்டி இல்லாத மனிதருக்கு இது எதற்கு என்று விழித்தேன். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு ரயில்வே கேட், கேட்காரர் வீடு, மரம், மலை எல்லாம் நிஜம் போலச் செய்து தர வேண்டும் என்றார்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவர் மனைவி பொன்னக்காவின் அப்பா மலைக்காரர்தான், ஆனால் கீழே ஒரு சின்ன ஊரில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி மலைக்கு வரும்வரை அக்கா வளர்ந்தது அந்த கேட் வீட்டில். இப்போது அக்காவுக்குக் கண் நரம்பு கெட்டுக்கொண்டிருந்தது. ஓரங்கள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. நேர் எதிரே இருப்பது மட்டும் தெரிகிறது, அதுவும் ஒரு வருஷம் தாங்குவது சந்தேகம் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் அந்த வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். போனால் வீடும் இல்லை, கேட்டும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் ரோடு போகப் பள்ளம் தோண்டிப் பாலம் கட்டியிருந்தார்கள். அக்கா நேரே திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டாராம்.

"கண்ணு இருக்கறப்பவே அவ ஒருக்கா அந்த ஊட்டப் பாத்துப்போடோணுங்க தம்பி. வேற ஒண்ணும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பழைய பலாமரக் கதவு ஒன்றை இரண்டு பெஞ்சின் மேல் படுக்கப் போட்டு, அதன்மேல் தண்டவாளத்தைப் பரப்பினோம். முதலில் நான் செய்த வீடு பெரிதாகிப்போய், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரயில் அந்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை மாதிரி இருந்தது. அளவு என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரயில் பெட்டியின் கதவில் நுழைகிற ஆள்தானே வீட்டுக் கதவிலும் நுழைய வேண்டும். பிய்த்துப் போட்டு மறுபடி செய்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்தால் நடுவில் நெளிநெளியாக ஒரு தாள் இருக்குமில்லையா, அதை வெட்டிச் சிவப்பு அடித்ததும் அசல் ஓட்டுக்கூரை. மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றிக் கம்பி முறுக்கில் ஒட்டினால் வேப்பமரம். அடுப்புக்கரியை விரலில் தொட்டுச் சுவரில் தேய்த்தால் இருபது வருஷ மழை பெய்த மாதிரி ஆகிவிடும். ஒட்டுவதற்கு மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை, அது அந்த வீட்டில் எத்தனை சட்டி வேண்டுமானாலும் கிடைக்கும்.

வெள்ளையண்ணன் தன் பங்குக்கு, கம்பிவலையில் பேப்பரை ஒட்டிப் பின்னால் ஒரு மலை எழுப்பி, அதில் கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு தண்டவாளமும் வரைந்து வைத்திருந்தார். ரயில் அப்படி ஏறாது என்றால் நம்பவே மாட்டேன் என்றார். எழுபது வளைவில் பஸ்ஸே ஏறுகிறபோது ரயிலுக்கு என்ன கேடு என்று அவர் நியாயம். உள்ளறையில் மிளகு ஆய்ந்துகொண்டே பொன்னக்கா சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அக்காவை நான் கிட்டே வர விடவில்லை. உள்ளே இருந்தபடியே அவர் சொல்லுவார், நான் செய்வேன். வடக்கு ஜன்னல் பாதிதான் திறக்கும். வேப்பமரம் கேட் பக்கம் சாயாது, கிணற்றுப் பக்கம் சாயும். கொடியில் ஒரு நீலத் தாவணி எப்போதும் காயும். அவர் சொன்னதைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வேப்பமரத்தையே மூன்று தடவை பிடுங்கி நட்டேன்.

புரட்டாசியில் எல்லாம் முடிந்துவிட்டது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், முடிந்துவிட்டது. சிவப்பு ஓடு, பாதி ஜன்னல், நீலத் தாவணி, சாத்தித் திறக்கிற கேட், ஒன்றும் பாக்கியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா உள்ளறை வாசற்படி வரை வந்து நின்றார்.

"தம்பி, இப்பிடியே ஒருக்கா பாத்துக்கறனே."

நான் மேலே போர்த்துகிற வேட்டியை இழுத்து மூடினேன். ஜல்லி மட்டும் மாற்ற வேண்டும், இரண்டே வாரம், முழுசாகப் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்றேன். "செரி சாமி" என்று சொல்லிவிட்டு, சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே உள்ளே போனார். அந்தக் கையை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தண்டவாளத்துக்கு இடையில் கொட்டியிருந்த மணல், மணல் மாதிரியே இருந்தது. நிஜ ஜல்லி கருத்துத் துருவேறிக் கிடக்கும். அதற்கு என்ன செய்யலாம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, முறத்தில் கிடந்த கேழ்வரகு கண்ணில் பட்டது. அதே நிறம், அதே அளவு! எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை. மணலைச் சுரண்டி எறிந்துவிட்டு, மரவள்ளிப் பசையில் கேழ்வரகைக் குழைத்து, தண்டவாளம் நெடுக ஒட்டினேன். தின்கிற பொருளைப் போய் என்று வெள்ளையண்ணன் இழுத்தார், அப்புறம் எனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து, இரண்டு வாரம் அந்தப் பக்கம் பஸ் போகவில்லை. மூன்றாவது வாரம் போய் வேட்டியை விலக்கினால், தண்டவாளம் முழுக்கப் பச்சையாக முளைத்து நிற்கிறது. களை வெட்டினால்தான் வண்டி போகும் என்றார் வெள்ளையண்ணன். உள்ளறையில் இருந்த அக்காவும் சேர்ந்து மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். முளையைப் பிடுங்கிவிட்டு வந்தேன், பசையையும் மீதிக் கேழ்வரகையும் சுரண்டவில்லை. அடுத்த தடவை போனபோது எலி எல்லாவற்றையும் முடித்திருந்தது. ஜல்லி, மலை, கூரை, பாதிச் சுவர், பசை பட்ட இடம் ஒன்று பாக்கியில்லை. யாரும் சிரிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து. தையில் ஒருநாள் வெள்ளையண்ணன் போன் செய்து, நாளைக்கே காட்டிவிடலாம் என்றார். கூரைக்கு இன்னும் வர்ணமே அடிக்கவில்லை, வெறும் வெள்ளை அட்டையாக நிற்கிறது என்றேன். பரவாயில்லை, நீங்கள் வாருங்கள் என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

பளிச்சென்ற காலை வெயில். அண்ணன் அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தார். நான் வேட்டியை எடுத்தேன். அக்கா நிதானமாக, ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதே செவப்பு தம்பி. எங்கப்பன் ஏறி மாத்துன ஓடாட்டவே இருக்குது."

நான் கூரையைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. வெள்ளையண்ணன் என் பக்கம் திரும்பாமல், குனிந்து ரயில் சுவிட்சைத் தட்டினார். ரயில் சுற்ற ஆரம்பித்தது. அக்காவின் முகம் சத்தம் போகிற பக்கமெல்லாம் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீ வைக்கிறேன் என்று அவர் உள்ளே போனதும் அண்ணன் என் காதருகே வந்தார்.

"கார்த்திகையிலயே முழுசாப் போயிருச்சுங்க. எனக்குத் தெரியாதுன்னு அவ நெனச்சுக்கிட்டிருக்கறா. நீங்களும் ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

டீ வந்தது, குடித்தேன். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் சிவப்பு வர்ணம் வாங்கிக்கொண்டு போய்க் கூரைக்கு அடித்தேன். யாருக்காக என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியேற எனக்கு முகமில்லை. கொஞ்ச நாளில் மலையைவிட்டே இறங்கிவிட்டேன்.

போன வருஷம் பொன்னக்கா இறந்துவிட்டார். சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. போய்த் துக்கம் விசாரித்தேன். பலாமரக் கதவு மாட்டுக்கொட்டகையில் பழையபடி கதவாக நின்றுகொண்டிருந்தது. மேலே இருந்ததெல்லாம் பூஞ்சை பிடித்து, எப்போதோ வாரிக் குழியில் போட்டாயிற்று என்றார் வெள்ளையண்ணன். பிறகு அவராகவே ஆரம்பித்தார். கடைசி நாட்களில் அக்கா, அன்றைக்குத் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அவரிடம் ஒப்புக்கொண்டாராம். ஒன்றே ஒன்று கேட்டாராம், அந்தத் தம்பி மூஞ்சி அப்போது எப்படி இருந்தது என்று.

"சிரிச்சுக்கிட்டே நின்னாப்பலன்னு சொன்னனுங்க தம்பி. அப்பறந்தான் அவ தூங்குனா."

கீழே அந்த கேட் வீடு இல்லை. கதவின்மேல் நாங்கள் கட்டியதும் இல்லை. அந்த ஜன்னல் எவ்வளவு திறக்கும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் இப்போது இல்லை. அசல் வீட்டை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஆனால் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது முழுசாக என் முன்னால் இருந்தது. அக்கா பத்தடி தூரத்தில் நின்று கேட்டார். அப்போது அவருக்குக் கண் தெரிந்தது.